கிழிந்ததல்ல, வெட்டியது

துணி கிழிவது வேறு, வெட்டுப்படுவது வேறு. எங்கள் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து நூல் பொறுக்கினவருக்குக்கூட இது தெரிந்துவிடும். ஆணியில் மாட்டிக் கிழிந்த துணி ஓரத்தில் பிசிறு விட்டிருக்கும், இழைகள் ஏறுக்குமாறாக நீண்டிருக்கும். கத்தரி பட்ட துணியின் ஓரம் ஒரே சீராக இருக்கும். கத்தரி மொண்ணையாக இருந்தால் அந்த ஓரம் மென்று துப்பினது மாதிரி லேசாக மடங்கியிருக்கும். அவ்வளவுதான். இது தெரிந்த இரண்டு பேர் ஒரே கடையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளையை நான்கு மாதம் தவிக்கவிட்டோம். அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, பாதி என் மேலேயே.

பேருந்து நிறுத்தத்திலிருந்து மேடேறி வந்தால் இரண்டாவது திருப்பத்தில் கடை. முன்னால் தையல், பின்னால் இரண்டு அறையில் குடித்தனம், நடுவில் ஒரு திரை. மாஸ்டர் வெட்டுவார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மெஷினில் ஓட்டுவாள். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, வருகிற துணிக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துச் சீருடை முழுக்க எங்களிடம்தான். சாம்பல் நிற ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை. பள்ளி திறக்கிற மாதத்தில் நாங்கள் சாப்பிடுகிற சோற்றில்கூடச் சாம்பல் நூல் கிடக்கும்.

அவர்களுடைய ஒரே பெண் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதில் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள், மெஷினுக்கு அடியில் உருண்டுகொண்டே இருப்பாள். மெஷினுக்குள் சுழல்கிற நூல் உருளையின் பெயரையே எடுத்து, பாபின் என்று பெயர் வைத்தேன். அது ஒட்டிக்கொண்டது, அவளைப் பெற்றவர்களும் அப்படியேதான் கூப்பிடுகிறார்கள்.

மாஸ்டருக்கு ஒரு கைவித்தை உண்டு. துணியின் உள்மடிப்பிலிருந்தே இழையை உருவி, ஓட்டைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஊசியால் பின்னி மூடிவிடுவார். மூடின இடம் எது என்று சொந்தக்காரரே தேட வேண்டும். ஒருமுறை ஒருத்தர் தன் கோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தைக்காமலே திருப்பித் தருகிறீர்களே என்று சண்டைக்கு வந்தார். அன்று முழுக்க மாஸ்டருக்குக் கால் தரையில் படவில்லை. மனிதருக்கு அவ்வளவு பெருமை அதில்.

அன்று திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. நான் குடையை உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது பாபின் வெட்டுகிற மேஜைக்கு அடியில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். பை மடியில். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மணி என்னன்னு தெரியுமா? எந்திரி."

"போகல."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போகல."

"இன்னிக்கு என்ன பரீட்சை? எதுக்கு இந்த டிமிக்கி?"

"இன்னிக்கு மட்டும் இல்லம்மா. இனிமே போகல."

அக்காவுக்குக் கோபம் சுருக்கென்று வரும். குனிந்து கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை மேஜைக்காலைக் கட்டிக்கொண்டாள். மேஜை ஆடியது, மேலே மாஸ்டர் போட்டுக்கொண்டிருந்த கோடு கோணலாகப் போனது. அவர் சாக்கட்டியை மட்டும் ஊதினார். வழக்கமாக ஒரு கோடு கோணினால் வீடே அதிரக் கத்துகிறவர்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? டீச்சர் அடிச்சாங்களா? வாயைத் திறந்து சொன்னாத்தானேடி தெரியும்?"

"அப்பாவைக் கேளு."

"அப்பாவை என்ன கேக்கறது? அவரா உன் பக்கத்துல உக்காந்து படிக்கிறாரு?"

"அப்பாவுக்குத் தெரியும்."

அக்கா நிமிர்ந்தாள். "என்னங்க தெரியும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. பசங்க சமாச்சாரம். நீ போய் உலையைப் பாரு."

"உலை கிடக்கட்டும். என்ன தெரியும்?"

 பாபின் மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஸ்கர்ட்டின் பின்பக்கம், உட்கார்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சாண் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே போட்டிருந்த கால்சட்டை தெரிந்தது.

"இது வெள்ளிக்கிழமை ஆனது," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இதை அப்பாகிட்ட குடுக்கல."

"ஏன் குடுக்கல?"

"குடுத்தா தைச்சுடுவாரு."

அக்காவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் கொடிக்கம்பியில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு ஸ்கர்ட்டை உருவி, உட்புறமாகத் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவ ஆரம்பித்தாள். இருபது வருஷம் துணி தள்ளின விரல். ஒரு இடத்தில் நின்றது. "ஒண்ணு," என்றாள். கொஞ்சம் தள்ளி, "ரெண்டு." மழைச் சத்தத்தில் அவள் எண்ணுவது மட்டும் கேட்டது. அந்த ஸ்கர்ட்டில் ஆறு. பாபின் உடம்பில் இருந்ததில், வாய் பிளந்திருந்ததை விட்டுவிட்டு, ஐந்து. எல்லாம் பின்பக்கம், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்.

"பதினோரு தடவை," என்றாள் அக்கா. "பதினோரு தடவை என் பொண்ணு துணியைத் தைச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"முதல் தடவை ஆணின்னு நினைச்சேன்."

"ரெண்டாவது தடவை?"

மாஸ்டர் இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். ரெண்டாவது தடவை என்ன நினைச்சீங்க? கத்தரிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"அவதான் அம்மாகிட்ட சொல்லாதேன்னா. நீ நேரா போய்ச் சண்டை போடுவே. அப்புறம் அந்தப் பள்ளிக்கூட வேலை நமக்கு வருமா? எல்லாத்தையும் யோசிச்சுத்தான்... தைச்சுட்டா தெரியாமப் போயிடும், பசங்களும் சலிச்சுப்போய் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"விடல," என்றாள் பாபின்.

அப்புறம்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பின்னாடி பெஞ்சுல மூணு பேரும்மா. பெஞ்சுல சாயற பலகைக்கும் உக்கார்ற பலகைக்கும் நடுவுல சந்து இருக்கும். ஸ்கர்ட் அது வழியா பின்னாடி வந்துடும். கைவேலை வகுப்புக்குக் கொண்டு வர்ற கத்தரியால வெட்டுவாங்க. முதல் தடவை எனக்குத் தெரியவே இல்ல. டீச்சர் கேள்வி கேட்டாங்க, எந்திரிச்சேன். பின்னாடி எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னுகூடப் புரியல."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி!"

"டெய்லர் வீட்டுப் பொண்ணுதானே, உங்கப்பா ஒட்டுப் போட்டுக் குடுப்பாருன்னாங்க. மறுநாள் அப்பா தைச்சதைப் போட்டுக்கிட்டுப் போனேன். எங்க காட்டு, எங்க காட்டுன்னு தேடினாங்க. கண்டுபிடிக்க முடியல. அதுலேர்ந்து அதுவே விளையாட்டாயிடுச்சு. முதல்ல வெட்டுவாங்க. மறுநாள் என்னை நிக்க வச்சு எந்த இடம்னு தேடுவாங்க. கண்டுபிடிச்சா பாயிண்டு. அப்பா நல்லா தைக்கத் தைக்க அவங்க இன்னும் பெருசா வெட்டினாங்க."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவும் அவரைத் திட்டவில்லை. 

பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிப்போனாள் அக்கா, "எனக்குக் கோபம் வந்தா வார்த்தை வராது, நீ பக்கத்துல நில்லு" என்று. அவளுக்கு வார்த்தை வராமல் போனதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கிளம்புவதற்கு முன் பாபின் அந்தப் பிளந்த ஸ்கர்ட்டை மாற்றிக்கொண்டு வீட்டுப் பாவாடையில் வந்தாள். ஸ்கர்ட்டுகள் இரண்டும் மாஸ்டர் கையில் ஒரு பையில் இருந்தன. வெள்ளிக்கிழமை வெட்டை மட்டும் தைக்காமல் அப்படியே வைத்திருந்தார். நல்ல வேளை என்று நினைத்தேன்.

தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். அவருடைய அறைக்கு வெளியே நடைபாதைச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கைகோத்து நிற்கிற பிள்ளைகள், நடுவில் ஒரு பெரிய இதயம், 'யாரையும் சீண்டாதே, யாரையும் ஒதுக்காதே' என்று வண்ண எழுத்து. முதல் பரிசு என்று சீட்டு ஒட்டின படத்தைக் காட்டி, "இது அவ வரைஞ்சது," என்றாள் பாபின். பின் பெஞ்சு மூன்று பேருக்கும் தலைவி மாதிரி இருக்கிறவள். அவள் அம்மாதான் பெற்றோர் சங்கத்தில் எல்லாமும். சங்கத்தம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு வசதியாக இருந்திருக்கும். அவருக்கு ஒரு விஷயம் காதில் விழாமல் இருப்பது பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஸ்கர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானேங்க இருக்கு?"

"அதுல ஆறு இடத்துல வெட்டியிருக்கு," என்றாள் அக்கா.

"எங்கே?"

அக்கா விரலை வைத்துக் காட்டினாள். பெரிய டீச்சர் அதே இடத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது ஸ்கர்ட்டில் இருந்த பிளவைப் பார்த்ததும் மட்டும், "அடடா" என்றார். "இது ஏதாவது ஆணியில மாட்டியிருக்கும். பெஞ்செல்லாம் பழசு. ஆசாரியை வரச்சொல்லியிருக்கேன்."

"ஆணி இல்லீங்க. கத்தரி," என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடத்துக்குள் வந்து அவர் பேசின முதல் வார்த்தை. "ஓரத்தைப் பாருங்க, மொண்ணைக் கத்தரி."

"நீங்க தொழில்காரர், உங்களுக்கு அப்படித் தெரியலாம். நான் எதை வச்சு ஒரு பொண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கிறது? அதுவும் நல்லாப் படிக்கிற பொண்ணுங்க." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "உங்க பொண்ணு பத்திதான் டீச்சருங்க சொல்லிக்கிட்டிருக்காங்க. கேள்வி கேட்டா எந்திரிக்கிறதே இல்லையாம். உக்காந்துக்கிட்டே பதில் சொல்றாளாம். மூணு தடவை எழுதியிருக்காங்க, மரியாதை இல்லைன்னு."

 எழுந்தால் பின்னால் சிரிப்பார்கள் என்று எழாமல் இருந்த பிள்ளையை மரியாதை தெரியாதவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் மூன்று முறை, தேதியோடு. வெட்டினவர்களைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

மாஸ்டர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. வெளியே போய் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஸ்கர்ட்டை மடியில் போட்டு, தான் பின்னின இழைகளைத் தேடித் தேடி அறுத்து, ஊசி முனையால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். பின்னுவதற்கு ஒரு சாயங்காலம் எடுக்கிற வேலையை அரைமணியில் பிரித்தார். அவர் கையை அவ்வளவு முரட்டுத்தனமாக நான் பார்த்ததில்லை. ஆறு வாயும் திறந்துகொண்டன. உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் விரித்தார்.

பெரிய டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "மாஸ்டர், வெளியில பிளேடும் கையுமா உக்காந்திருந்தீங்க. எல்லாரும் பார்த்தாங்க. இதை இப்ப நீங்க வெட்டினதில்லைன்னு நான் யார்கிட்ட எப்படிச் சொல்றது?"

அக்கா துணியை வாரி எடுத்துக்கொண்டாள். "வாங்க போலாம்," என்றாள். அவளுக்கு நிஜமாகவே வார்த்தை வரவில்லை.

கடைக்குத் திரும்பி வந்தும் யாரும் திரையைத் தாண்டி உள்ளே போகவில்லை. காலையில் அணைத்துவிட்டுப் போன உலை ஆறிக் கிடந்தது. பாபின் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே, "நான் சொன்னேன்ல," என்றாள், யாரையும் பார்க்காமல். "யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் நம்பறேன்டி."

"நீ நம்பி என்னம்மா பண்றது?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் திறந்திருக்க வேண்டிய வாய்.

"அக்கா, இவளுது மட்டும் இல்ல. வேற ஸ்கர்ட்டும் வந்துச்சு."

"என்ன வேற?"

"பள்ளிக்கூடம் திறந்த புதுசுல. மூலைக்கடை பேக்கரியம்மா பொண்ணு இருக்காளே, இவ கிளாஸ், அவளுது ரெண்டு தடவை. அப்புறம் இன்னும் ரெண்டு வீட்டுது. எல்லாம் பின்பக்கம், இதே உயரம். நான்தான் சீட்டு எழுதினேன். மாஸ்டர்தான் தைச்சாரு."

"உனக்கு அப்ப ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு. பட்டன் வைக்கிறவளுக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "குடையை எடு," என்றாள்.

பேக்கரியம்மா கனத்த உடம்புக்காரி. மாவு வெந்த வெக்கையில் முகமெல்லாம் சிவந்து, அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தமாகத்தான் பேசுவாள், இல்லாவிட்டால் அந்த அடுப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

"ஸ்கர்ட்டா? ஆமா, ரெண்டு தடவை கிழிச்சுக்கிட்டு வந்தா. பின்னாடி சுவர் ஏறிக் குதிச்சு வர்றா, அதான். நீங்க தைச்சது நல்லா இருந்துச்சே. ஏன், பிரிஞ்சிடுச்சா?"

"சுவர் ஏறுறேன்னு அவ சொன்னாளா?" என்று கேட்டாள் அக்கா.

"அவ எங்க சொல்றா, வாயே திறக்கல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். ரெண்டாவது தடவை கரண்டிக்காம்பால நாலு வச்சேன். அதுக்கப்புறம் கிழியல."

அக்கா பையிலிருந்து ஸ்கர்ட்டை எடுத்து, ரொட்டி வெட்டுகிற பலகைமேல் விரித்தாள். நடந்ததைச் சொன்னாள். சந்து, கத்தரி, பாயிண்டு, எல்லாம். பேக்கரியம்மா தட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். சூடு பிடிதுணியைத் தாண்டிக் கையில் ஏறியிருக்க வேண்டும். அவளுக்கு உறைத்த மாதிரித் தெரியவில்லை. பிறகு தட்டை வைத்துவிட்டு மாடிப்படி பக்கம் திரும்பிப் பெண்ணைக் கூப்பிட்டாள். பள்ளிக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்திருந்தவள். வாரம் ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வருமாம். தெர்மாமீட்டரில் மட்டும் வராதாம்.

"உன் ஸ்கர்ட்டை வெட்டினாங்களாடி?"

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள், விரித்திருந்த துணியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? நான் அடிக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா. நீயாவே சுவர்னு சொல்லிட்ட."

 பேக்கரியம்மா மாவுக் கையோடு அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி அழுகை, பாதி வசவு. யாரை வைகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மற்ற இரண்டு வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, எங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். உள்ளே அந்தப் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் அப்பா வேலையிலிருந்து வரட்டும் என்றார்கள். அந்த அப்பா அன்றைக்கு வரவே இல்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது, தெருவெல்லாம் சேறு. கிளம்பும்போது மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, "ஒண்ணையாவது அவசரமாத் தைச்சுத் தர்றேன், எதைப் போட்டுக்கிட்டு வருவா?" என்றார். பழக்கதோஷம். அக்கா திரும்பிப் பார்த்தாள். ஊசியைத் தன் சட்டையிலேயே குத்திக்கொண்டார்.

இந்த முறை பெரிய டீச்சர் அறையில் நிற்க இடம் இல்லை. நாங்கள் நான்கு பேர், பேக்கரியம்மா, அவள் பெண். நாங்கள் வருகிறோம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால், பெரிய டீச்சர் சங்கத்தம்மாவையும் வரச்சொல்லியிருந்தார். நாற்காலியில் அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது, ரெட்டைப் பின்னல், சாதாரணக் குழந்தை முகம். இவளா என்று இருந்தது எனக்கு.

"சின்னப் பசங்க ஏதோ விளையாட்டுல பண்ணினதை இவ்வளவு பெருசாக்கணுமா?" என்று ஆரம்பித்தார் சங்கத்தம்மா. "புது ஸ்கர்ட் ரெண்டு, மூணு, எத்தனை வேணுமோ நான் எடுத்துத் தர்றேன். ஆனா என் பொண்ணுதான்னு சொல்ல என்ன அத்தாட்சி?"

பேக்கரியம்மா வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார். வாடிக்கையாளர் முன்னால் குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை.

"டீச்சர், எழுதிக்கிறீங்களா? நான் சொல்றதை எழுதுங்க. இந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க நாலு பேரோட ஸ்கர்ட்டை நான் தைச்சேன். எல்லாம் கத்தரி வெட்டு. ரெண்டாவது தடவையே எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. என் பொண்ணுகிட்டகூட யாருன்னு கேக்கல. ஓட்டையை மூடினேன். அவ மறுபடியும் வெட்டுப்படறதுக்கு நான்தான் துணியைத் தயார் பண்ணிக் குடுத்தேன். என் பேரை முதல்ல எழுதுங்க. கையெழுத்துப் போடறேன். அப்புறம் மத்தவங்க பேரை எழுதுங்க."

 பேக்கரியம்மா பெண்ணை முன்னால் தள்ளினாள். "சொல்லு. நான் அடிக்க மாட்டேன், சொல்லு." அந்தப் பெண் மூன்று பெயரையும் சொன்னாள், எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை என்பதோடு. ரெட்டைப் பின்னல்காரி நகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"நான் மட்டும் இல்ல," என்றாள் தரையிடம்.

சங்கத்தம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வரப் பார்த்தது. அதற்குள் அவரே கெடுத்துக்கொண்டார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இனி பிரச்சினை வராம நான் பார்த்துக்கிறேன். மாஸ்டர் பொண்ணையும் பேக்கரிப் பொண்ணையும் பக்கத்து செக்‌ஷனுக்கு மாத்திடறேன். அங்க நல்ல டீச்சர். நிம்மதியா இருப்பாங்க."

"எங்க பொண்ணுங்களை மாத்துவீங்களா?" என்றாள் அக்கா. "வெட்டினவங்க அப்படியே உக்காந்திருப்பாங்க. வெட்டுப்பட்டவங்க பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பணுமா? கிளாஸே பார்த்துக்கிட்டு இருக்கும்ல, யாரு தப்புப் பண்ணினதுன்னு எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

"அவங்க பாதுகாப்புக்குத்தாங்க சொல்றேன்."

"நாலு மாசமா எங்க போச்சு அந்தப் பாதுகாப்பு?"

"பின்னே நான் என்னதாங்க பண்ணட்டும்? மூணு பேரையும் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பச் சொல்றீங்களா?"

எனக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றிருந்தது. பேக்கரியம்மாவும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பெரிய டீச்சர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பாபினைப் பார்த்திருந்தார், ஒருவேளை முதல் தடவையாக. பாபின் அப்பாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"நான் வேற செக்‌ஷன் போகமாட்டேன் டீச்சர். என் கிளாஸ்லதான் இருப்பேன். அவங்களையும் அனுப்ப வேணாம்."

"அப்புறம்?"

"பெஞ்சை மாத்துங்க. அவங்க மூணு பேரும் எனக்கு முன்னாடி பெஞ்சுல உக்காரட்டும். நானும் இவளும்," பேக்கரிப் பெண்ணைக் காட்டினாள், "பின்னாடி உக்காந்துக்கறோம். நாங்க ஒண்ணும் செய்யமாட்டோம். கத்தரியைக்கூட டீச்சர்கிட்டயே குடுத்துடறோம். சும்மா பின்னாடி உக்காந்திருப்போம்."

 பெரிய டீச்சர் வகுப்பு நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். "இது செய்யலாம்," என்றார். "வருஷம் முடியறவரைக்கும் அப்படியே இருக்கட்டும். இன்னிக்கே மாத்தறேன்."

சங்கத்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதெப்படிங்க? என் பொண்ணு அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா உக்காரணும்? பின்னாடி என்ன பண்ணுவாங்களோ, எப்ப பண்ணுவாங்களோன்னு நாள் பூரா பயந்துக்கிட்டே இருந்தா என் பொண்ணு எப்படிங்க படிப்பா?"

அவர் எழுந்த நாற்காலியை அக்கா இழுத்துப் போட்டு, இரண்டு நாளில் முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்தாள்.

"இதையேதாங்க நாங்க நேத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கோம்," என்றாள். "பதில் தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க."

பெரிய டீச்சர் எழுதுவதை நிறுத்தவில்லை.